அக்குபஞ்சர் புள்ளிகளில் எசென்ஷியல் ஆயில்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கழுத்துவலி, தூக்கமின்மை, மூக்கடைப்பு என்று ஏதாவது ஒன்றுக்காக சீன மருத்துவத்தின் பக்கம் போகும் தமிழர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். கூடவே யாராவது ஒருவர், “லாவெண்டர் ஆயிலை அந்தப் புள்ளியில் தடவிப் பாருங்கள், ஊசியே வேண்டாம்” என்றும் சொல்லியிருப்பார். எந்தப் புள்ளி, எவ்வளவு ஆயில், ஊசி போட்ட அன்றைக்குத் தடவலாமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். சீனம் தெரியாத நமக்கு விசாரிப்பதும் சுலபமில்லை. என் கழுத்துக்காக இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் நிறைய நேரமும் கொஞ்சம் பணமும் போனது. நீங்கள் அந்த அலைச்சல் இல்லாமல் தொடங்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவரங்களிலிருந்து காய்ச்சி வடித்த, மணம் செறிந்த எசென்ஷியல் ஆயிலைப் புள்ளியில் வைப்பது இந்தக் காலத்தில் சேர்ந்த பழக்கம். பழைய சீன முறையில் புள்ளிகளின்மேல் வைப்பது மூலிகை விழுது. கோடையில் ஆஸ்துமாவுக்கும் மூக்கொழுகலுக்கும் முதுகில் ஒட்டும் ‘சான்ஃபு’ பட்டை அப்படிப்பட்டதுதான். வெண்கடுகையும் வேறு சில மூலிகைகளையும் இஞ்சிச் சாற்றில் குழைத்துச் செய்வார்கள். அதனால் எல்லா சீன மருத்துவர்களுக்கும் எசென்ஷியல் ஆயில் பழக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்தவர்களில் சிலர் ஆர்வமாகப் பேசினார்கள், சிலர் “அது எங்கள் பாடத்தில் இல்லை” என்று நேராகச் சொன்னார்கள். இரண்டாவது வகையினரை நான் இன்னும் அதிகமாக நம்புகிறேன்.

1. எதற்குச் செய்யலாம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பயணத்தில் வரும் குமட்டல், கணினி முன் உட்கார்ந்து வந்த கழுத்து இறுக்கம், மன அழுத்தத்தில் வரும் தலைவலி, படுத்தும் தூக்கம் வராமல் புரள்வது, சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு மந்தமாக இருப்பது. இவை வீட்டில் நீங்களே முயன்று பார்க்கக்கூடியவை. இவற்றிலும் ஆய்வுகளில் ஓரளவு வலுவான ஆதாரம் இருப்பது குமட்டலுக்கு மணிக்கட்டுப் புள்ளியை அழுத்துவதற்குத்தான். ஆயிலும் புள்ளியும் சேர்ந்து செய்யும் வேலையைத் தனியாகப் பிரித்துக் காட்டும் நல்ல ஆய்வுகள் குறைவு. ஆகவே இதை ஒரு துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று வரும் கடுமையான தலைவலி, கையிலோ காலிலோ பலவீனம், நெஞ்சுவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, காரணம் தெரியாமல் எடை குறைவது ஆகியவற்றுக்குப் புள்ளியும் வேண்டாம், ஆயிலும் வேண்டாம். நேராக மருத்துவமனை. அவசரம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

2. மருத்துவரின் பதிவைப் பாருங்கள்

வீட்டில் செய்வதாக இருந்தாலும் ஒரு தடவையாவது பயிற்சி பெற்றவரிடம் போய், உங்கள் உடம்பில் புள்ளி எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்துத் தேடுவதற்கும் ஒருவர் விரல் வைத்துக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இந்த ஒரு செலவு மட்டும் வீண் போகாது.

சிங்கப்பூரில் அக்குபஞ்சர் செய்பவர் யாராக இருந்தாலும் 2000ஆம் ஆண்டின் சீன மருத்துவர்கள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு மட்டும் போதாது, நடப்பில் உள்ள தொழில் சான்றிதழும் இருக்க வேண்டும். சீன மருத்துவர்கள் வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் இரண்டும் தெரிந்துவிடும். கிளினிக்கின் பெயரை வைத்துத் தேடிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஊசி போடப்போகிறவரின் பெயரைக் கேட்டு அதைத் தேடுங்கள்.

ஆயில் பக்கம் நிலைமை வேறு. அரோமாதெரபி, அதாவது மணமுள்ள ஆயில் சிகிச்சை, செய்பவர்களுக்கு இப்படியான மருத்துவப் பதிவு கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஏதோ ஒரு தனியார் படிப்பை முடித்ததற்கானது. மசாஜ் நிலையம் என்றால் போலீஸ் உரிமம் இருக்கும், அது மருத்துவத் தகுதி ஆகிவிடாது. “நான் அரோமா அக்குபஞ்சர் நிபுணர்” என்று ஒருவர் சொன்னால், அக்குபஞ்சர் பதிவு இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். நான் விசாரித்த தனியார் கிளினிக்குகளில் ஆலோசனையும் ஊசியும் சேர்த்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய 50 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 100 வெள்ளிக்கு மேல் வரை சொன்னார்கள். மூலிகை கொடுத்தால் அது தனி. தோங் சாய், சுங் ஹுவா போன்ற அறநிறுவனங்களில் இன மத வேறுபாடு இல்லாமல் எல்லாரையும் பார்க்கிறார்கள், செலவும் மிகக் குறைவு. ஆனால் காத்திருக்க வேண்டும், அவசரமாகப் பேசி அனுப்பிவிடுவார்கள் என்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சில அரசு மருத்துவமனைகளிலும் அக்குபஞ்சர் பிரிவு இருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் நாளே “பத்துத் தடவைக்குப் பணம் கட்டிவிட்டால் ஆயில் சிகிச்சை இலவசம்” என்பார்கள். ஓர் இடத்தில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஊசி போடும் முன்பே கார்டை நீட்டச் சொன்னார்கள். நாக்கையும் நாடியையும் பார்த்து முடிக்கும் முன்பே எத்தனை தடவை வர வேண்டும் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? மூன்று தடவைக்குத் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள். பலன் தெரிந்த பிறகு தொகுப்பைப் பற்றிப் பேசலாம்.

3. கையில் கொண்டுபோக வேண்டியவை

அடையாள அட்டை. குடியிருப்பாளர் என்றால் என்ஆர்ஐசி, வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் அந்த அனுமதி அட்டை, அதில் இருக்கும் எஃப்ஐஎன் எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். இதை ஆங்கிலத்தில் எழுதி, மருந்தின் பெயர், அளவு, எதற்காக என்ற மூன்றையும் ஒரே தாளில் கொண்டுபோங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், லேகியம், தைலம் எல்லாம் இதில் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முதல் வரியில் எழுதுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை அவர்களுக்குக் கூடாது.

எக்ஸ்ரே, எம்ஆர்ஐ அறிக்கை இருந்தால் அதன் நகல். அப்புறம், நீங்கள் பயன்படுத்தும் ஆயில் பாட்டிலையே கையோடு எடுத்துப்போங்கள். பெயரைச் சொல்வதைவிட லேபிளைக் காட்டுவது நல்லது. பல மருத்துவர்கள் மாண்டரினில்தான் சரளமாகப் பேசுவார்கள், ஆங்கிலம் கொஞ்சம் வரும். பாட்டிலைப் பார்த்தால் பேச்சு சுலபமாகிவிடும்.

பணம் சம்பந்தமாக மூன்று விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநோயாளியாகப் பார்க்கும் சீன மருத்துவத்துக்குப் பொதுவாக மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தை எடுக்க முடியாது. சீன மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழைச் சட்டப்படி முதலாளி ஏற்கத்தான் வேண்டும் என்று இல்லை. சில கம்பெனிகள் ஏற்கும், சில ஏற்காது, மனிதவளப் பிரிவில் கேட்டுவிட்டுப் போங்கள். கம்பெனிக் காப்பீட்டில் திரும்பப் பெறலாம் என்றால், ரசீதில் மருத்துவர் பெயர், ஆலோசனைக் கட்டணம், ஊசிக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆயிலையும் அதே ரசீதில் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை போட்டால் காப்பீட்டில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆயிலுக்குத் தனி ரசீது கேளுங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஊசி போடும்போது மயக்கம் வரலாம். போவதற்கு முன் கோப்பியும் மஞ்சள் கலந்த சாப்பாடும் வேண்டாம். நாக்கின் நிறத்தை வைத்துத்தான் பாதியைக் கணிக்கிறார்கள். முழங்கை, முழங்கால் வரை மடிக்க முடிகிற தளர்வான உடை போடுங்கள். முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் ஊசி உடம்பில் இருப்பது பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம். சீனப் புத்தாண்டையொட்டிப் பல கிளினிக்குகள் சில நாள் மூடிவிடும், அதைக் கணக்கில் வைத்து நேரம் வாங்குங்கள்.

4. ஆயில் வாங்குவது

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று ஆயில் போதும்: லாவெண்டர், பெப்பர்மின்ட், இஞ்சி. மூக்கடைப்பு உள்ளவர் யூகலிப்டஸ் சேர்த்துக்கொள்ளலாம். பத்து பதினைந்து பாட்டில் உள்ள பெட்டி மலிவாகத் தெரியும், ஆனால் பாதி கெட்டுப்போகும் வரை திறக்கவே மாட்டீர்கள்.

ஏன் இந்த மூன்று? சீன மருத்துவத்தில் எல்லாமே சூடு, குளிர்ச்சி என்ற கணக்கில் ஓடும். நமக்கு இது புதிதில்லை. பாட்டி “உடம்புச் சூடு” என்று சொன்னதைத்தான் இங்கே கோப்பிக்கடையில் ‘ஹீட்டி’, ‘கூலிங்’ என்கிறார்கள். புதினா குளிர்ச்சி, தலையில் ஏறிய சூட்டுக்கு. இஞ்சி சூடு, குளிர்ந்த வயிற்றுக்கும் குமட்டலுக்கும். லாவெண்டர் அமைதிக்கு. வெயிலில் அலைந்து வந்த தலைவலிக்கு இஞ்சியைத் தடவினால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும்.

லேபிளில் தாவரத்தின் லத்தீன் பெயர் இருக்க வேண்டும். லாவெண்டர் என்றால் ‘லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா’. ‘லவாண்டுலா இன்டர்மீடியா’ என்று இருந்தால் அது லாவண்டின், வேறு செடி, கற்பூரச் சத்து அதிகம், தூக்கத்துக்கு வாங்கியவருக்கு ஏமாற்றம்தான். பெப்பர்மின்ட் என்றால் ‘மெந்தா பைபெரிட்டா’. தாவரத்தின் எந்தப் பகுதி, எந்த நாடு, பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவையும் இருக்க வேண்டும். ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்றால் அது வெறும் வாசனை, தோலுக்குப் போகக்கூடாது. நானும் ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்று பெரிதாக எழுதிய ஒரு பாட்டிலை ஒரு கடையில் வாங்கினேன், உள்ளே லத்தீன் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. கேட்டபோது கடைக்காரர் மாற்றித் தரவில்லை. பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்.

விலை? 10 மில்லி நல்ல லாவெண்டர் சுமார் 12 முதல் 30 வெள்ளி வரை நான் பார்த்தேன். இதைவிட மிக மலிவாக இருந்தால் கலப்படம் என்று எடுத்துக்கொள்ளலாம். மிக விலை கூடியதால் மட்டும் தரம் கூடிவிடாது. இதோடு ஒரு கேரியர் ஆயில், அதாவது எசென்ஷியல் ஆயிலை நீர்க்கக் கலக்கும் சாதாரண எண்ணெய், வேண்டும். ஜொஜோபா நன்றாக இருக்கும், சீக்கிரம் கெடாது. அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால் சமையலறையில் இருக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். நல்லெண்ணெயின் மணம் லாவெண்டரை அமுக்கிவிடும், அது ஒன்றுதான் குறை. 10 மில்லி உருளைப் பாட்டில் (ரோல்-ஆன்), இருண்ட கண்ணாடியில், ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும். பிளாஸ்டிக் வேண்டாம்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஊட்டியிலிருந்து கொண்டுவந்த நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் எசென்ஷியல் ஆயில்தான். “தைலம்” என்பதால் அப்படியே தடவிவிடுகிறோம். புள்ளியில் வைக்க அதையும் நீர்க்க வேண்டும். கோடாலித் தைலத்தில் ஏற்கனவே மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் இருக்கின்றன. அதன்மேல் பெப்பர்மின்ட் ஆயிலை வைப்பது ஒரே மருந்தை இரண்டு தடவை போடுவது மாதிரி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இலவங்கப்பட்டை, கிராம்பு, விண்டர்கிரீன் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். முதல் இரண்டும் தோலை எரிக்கும். விண்டர்கிரீன் கிட்டத்தட்ட முழுவதுமே மெத்தில் சாலிசிலேட், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து. பெர்காமோட், எலுமிச்சை போன்ற பிழிந்தெடுத்த ஆயிலைத் தடவி வெயிலில் போனால் தோல் கருத்துப்போகும், கொப்புளமும் வரும். சிங்கப்பூர் வெயிலில் இது வேண்டாத வேலை.

5. கலக்கும் அளவு

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1 மில்லி என்பது ஏறக்குறைய 20 சொட்டு. 10 மில்லி உருளைப் பாட்டிலில் கேரியர் ஆயிலை நிரப்பி 2 சொட்டு எசென்ஷியல் ஆயில் விட்டால் 1 சதவீதம். 4 சொட்டு விட்டால் 2 சதவீதம். கழுத்து, தலைப்பகுதி, வயதானவர்கள், மெல்லிய தோல் என்றால் 1 சதவீதம். கை, கால், வயிறு என்றால் 2 சதவீதம். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு ஆயிலைச் சேர்த்தால் மொத்தம்தான் இந்த அளவு. லாவெண்டர் 4, பெப்பர்மின்ட் 4 என்று விட்டால் அது 4 சதவீதம் ஆகிவிட்டது.

பாட்டிலில் என்ன ஆயில், எத்தனை சொட்டு, எந்தத் தேதி என்று ஒட்டி எழுதுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான ஆயில்தான் தோல் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். டீ ட்ரீயும் எலுமிச்சை வகைகளும் இதில் முதலில் வரும். கலந்ததை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். திறக்காத பாட்டில்களைக் குளிர்சாதனப் பெட்டியில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

6. தோல் சோதனை

முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி, 24 மணி நேரம் நனைக்காமல் விடுங்கள். முடிந்தால் 48 மணி நேரம். அரிப்போ சிவப்போ இல்லை என்றால் சரி. எரிந்தால் முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் இந்த வழி வேண்டாம். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

7. புள்ளியைக் கண்டுபிடிப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வரையறையில் 361 புள்ளிகள் இருக்கின்றன. உங்களுக்கு ஐந்தாறு போதும்.

அளவுக்கு ஸ்கேல் வேண்டாம். ‘சுன்’ என்பதுதான் அளவு. அது ஆளுக்கு ஆள் மாறும், யார் உடம்பில் தேடுகிறீர்களோ அவருடைய விரல்தான் கணக்கு. கட்டைவிரல் கணுவின் அகலம் 1 சுன். நான்கு விரலையும் சேர்த்து வைத்தால் நடுக்கணு மட்டத்தில் 3 சுன். குழந்தையின் கையில் உங்கள் விரலை வைத்து அளந்தால் புள்ளி தவறிவிடும்.

நெய்குவான், குறியீடு பிசி 6. உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலம், அதாவது 2 சுன். கையை லேசாக மூடி மடக்கினால் நடுவில் இரண்டு நரம்பு மாதிரி தசைநார் தெரியும், அவற்றுக்கு இடையில் உள்ள பள்ளம். சிலருக்கு அதில் ஒரு நார் இயற்கையிலேயே இருக்காது, அப்போது கையின் நடுக்கோட்டைப் பிடியுங்கள். குமட்டலுக்கு இஞ்சி 2 சதவீதம். மலேசியாவுக்கு பஸ்ஸில் போகும்போது நான் நம்புவது இதைத்தான்.

ஃபெங்ச்சி, ஜிபி 20. இரண்டு கட்டைவிரலையும் பின்மண்டையின் அடிவிளிம்பில் வைத்து, நடுவிலிருந்து வெளியே நகர்த்துங்கள். எலும்பு முடிந்து இரண்டு தசைக்கு நடுவே விரல் தானாகக் குழிக்குள் இறங்கும். கணினி வேலை செய்பவருக்கு அங்கே தொட்டாலே வலிக்கும். எதிர்ப்பக்கக் கண்ணை நோக்கி மேலே அழுத்துங்கள். லாவெண்டர் 1 சதவீதம், வெயில் தலைவலி என்றால் பெப்பர்மின்ட் 1 சதவீதம். கழுத்தின் முன்பக்கம், நாடித்துடிப்பு தெரியும் இடத்தை மட்டும் அழுத்தவே கூடாது.

ஹெகு, எல்ஐ 4. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே, ஆள்காட்டிவிரல் எலும்பின் நடுப்பகுதியை ஒட்டிய சதை. நுனியில் உள்ள சவ்வை அழுத்துபவர்கள் அதிகம், புள்ளி அதற்கு உள்ளே எலும்பின் பக்கம். தலைவலி, பல்வலி, முகவலிக்கு. கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

ட்ஸூசான்லி, எஸ்டி 36. முழங்காலை மடக்கி உட்காருங்கள். சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி இருக்கும். அங்கிருந்து நான்கு விரல் கீழே, கணைக்கால் முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. வயிற்று மந்தத்துக்கும் களைப்புக்கும் இஞ்சி.

ஷென்மென், எச்டி 7. உள்ளங்கை மேலிருக்க, மணிக்கட்டுக் கோட்டில் சுண்டுவிரல் பக்கம், கெட்டியான நாரின் உள்பக்கக் குழி. தூக்கத்துக்கு லாவெண்டர். மெதுவாகத் தொட்டால் போதும்.

யிங்சியாங், எல்ஐ 20, மூக்குச் சிறகின் ஓரம். மூக்கடைப்புக்கு எல்லாரும் சொல்லும் புள்ளி. இங்கே ஆயிலே வேண்டாம். கண்ணுக்கும் மூக்குச் சவ்வுக்கும் மிகப் பக்கத்தில் இருக்கிறது. வெறும் விரலால் அழுத்திக்கொண்டு, டிஷ்யூவில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் விட்டுத் தூரத்திலிருந்து முகருங்கள். நெற்றிப்பொட்டுப் பக்கம் உள்ள தாய்யாங் புள்ளிக்கும் இதே விதிதான்.

8. தடவி அழுத்துவது

கையைக் கழுவிவிட்டு, உருளையை ஒரு தடவை மட்டும் புள்ளிமேல் உருட்டுங்கள். கட்டைவிரலால் மெதுவாகத் தொடங்கி, கனமாக, ஊறுகிற மாதிரி, கொஞ்சம் மந்தமான வலியாக உணரும் வரை அழுத்தி, அப்படியே ஒன்று முதல் மூன்று நிமிடம் வையுங்கள். கூர்மையாகவோ மின்சாரம் பாய்கிற மாதிரியோ இருந்தால் நரம்பின்மேல் இருக்கிறீர்கள், விரலை நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஒரு நேரத்தில் மூன்று நான்கு புள்ளிக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை போதும்.

பயணம் என்றால் வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்பே தொடங்குங்கள், குமட்டல் வந்த பிறகு கஷ்டம். தூக்கத்துக்கு என்றால் படுக்கப்போகும் முன், கைப்பேசியை வைத்த பிறகு. பெப்பர்மின்ட்டை இரவில் வைத்தால் சிலருக்குத் தூக்கம் கலையும். முடித்ததும் கையைக் கழுவுங்கள், அந்த விரலோடு கண்ணைக் கசக்குவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

வேலை செய்வது பெரும்பாலும் விரல்தான், ஆயில் அதற்குத் துணை என்பது என் கருத்து. புள்ளி சரியாக இருந்து ஆயில் இல்லாவிட்டாலும் ஏதாவது கிடைக்கும். ஆயில் உயர்ந்ததாக இருந்து புள்ளி தவறினால் மணம் மட்டும்தான் மிச்சம். அதனால் முதல் வாரம் ஆயிலே இல்லாமல் புள்ளியைப் பழகுங்கள்.

9. ஊசி போடும் நாளில்

அன்றைக்குக் காலையில் ஊசி போடும் இடங்களில் எந்த ஆயிலும் வேண்டாம். தோலைச் சுத்தம் செய்துதான் ஊசி இறக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு இடைஞ்சல். தவிர, அந்த அறையில் உங்களுக்குப் பக்கத்தில் ஆஸ்துமா உள்ளவர் படுத்திருக்கலாம்.

ஊசி எடுத்த இடத்தில் அன்று முழுக்க ஆயில் தடவாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அது. மறுநாள் தடவலாம். வேறு புள்ளியில் அன்றே தடவ வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

நெருப்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும் இன்னும் கவனம். மோக்ஸா என்ற மூலிகைத் திரி சுடும்போதும், நெருப்புக் கோப்பை வைக்கும்போதும், சூட்டு விளக்கு காட்டும்போதும் தோலில் எசென்ஷியல் ஆயில் இருக்கக்கூடாது. அது எளிதில் தீப்பிடிக்கும், சூடு பட்டால் தோலுக்குள் வேகமாகவும் இறங்கும். தடவியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், துடைத்துவிட்டுத் தொடங்குவார்கள். காதுப் புள்ளிகளை அழுத்துவதற்காக விதை ஒட்டியிருந்தால் அந்தக் காதுப் பக்கம் எண்ணெய் போகாமல் பாருங்கள், ஒட்டுத்தாள் கழன்றுவிடும்.

ஒவ்வொரு ஊசியும் உறை பிரித்து எடுக்கும் ஒருதடவை ஊசிதானா என்று பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

10. யார் தவிர்க்க வேண்டும்

கர்ப்பிணிகள் ஹெகு, உள்கணுக்காலுக்கு மேலே உள்ள சான்யின்ஜியாவ் எனப்படும் எஸ்பி 6, தோள்மேல் உள்ள ஜிபி 21, கணுக்கால் பக்கம் உள்ள பிஎல் 60, கால் சுண்டுவிரல் நுனியில் உள்ள பிஎல் 67 ஆகியவற்றைத் தொடக்கூடாது என்பது மரபு விதி. ஆயிலையும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். காலைக் குமட்டலுக்கு நெய்குவான் புள்ளியை வெறும் விரலால் அழுத்தலாம்.

கைக்குழந்தை, சிறு பிள்ளைகளின் முகத்துக்குப் பக்கத்தில் பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், கற்பூரம் எதுவும் வேண்டாம். மூச்சுக்குழல் இறுகிவிடும் ஆபத்து உண்டு. சளி பிடித்தால் மார்பில் தைலம் தேய்ப்பது நம் வழக்கம்தான், இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு மெந்தாலும் கற்பூரமும் கலந்த தைலங்களே கூடாது. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள், முடிவு சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியிடம் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

வலிப்பு உள்ளவர்கள் யூகலிப்டஸ், ரோஸ்மேரி, கற்பூரம் பக்கம் போக வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் எந்த மணத்தையும் முதலில் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ, பெப்பர்மின்ட் அதற்கு விஷம்.

எசென்ஷியல் ஆயிலை யாரும் குடிக்கக்கூடாது. யூகலிப்டஸ் சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

11. எவ்வளவு நாள் பார்ப்பது

குமட்டலுக்குப் பலன் அன்றைக்கே தெரியும். கழுத்து இறுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். கிளினிக்கில் ஊசி போடுகிறார்கள் என்றால் வாரம் ஒன்று இரண்டு என ஆறு தடவை வரை பார்க்கலாம், மூன்றாவது நான்காவதிலேயே ஏதாவது மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தில் தேதி, புள்ளி, ஆயில், சதவீதம், வலி பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். ஊசியையும் ஆயிலையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முதலில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். எண்களையும் புள்ளிக் குறியீடுகளையும் படிக்க அவருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.